வெற்றி மாதா

ஒக்ரோபர் மாதம் எங்களுக்குச் செபமாலை மாதம். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீடாகப் போகும். அன்றைக்கு முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து வைப்பார்கள். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்தபின் கடலையோ அவலோ, வசதியான வீடென்றால் கேக் துண்டோ கிடைக்கும். செபத்தை முன்னின்று சொல்பவர்கள் பெண்கள். ஆண்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருப்பார்கள், மாதா பிரார்த்தனை தொடங்கும்போது மட்டும் எழுந்து நிற்பார்கள். மற்றப் பதினொரு மாதமும் கோயில் கூட்டுவதற்கும் பூச்சாடி கழுவுவதற்கும் மட்டும் தேவைப்படுகிற பெண்களின் குரல், இந்த ஒரு மாதம் தெரு முழுக்கக் கேட்கும். சின்ன வயதில் எனக்கு அதனாலேயே இந்த மாதத்தைப் பிடிக்கும்.

இந்தத் திருநாளின் பழைய பெயர் வெற்றி மாதா திருநாள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் அறிந்தேன். 1571 ஒக்ரோபர் 7ஆம் திகதி, கிரேக்கக் கரையோரத்தில் லெப்பாந்தோ என்ற இடத்தில், ஐரோப்பியக் கத்தோலிக்க அரசுகளின் கூட்டுக் கடற்படை துருக்கிய ஒட்டோமன் கடற்படையைத் தோற்கடித்தது. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் கடலில் செத்தார்கள். இரு தரப்புக் கப்பல்களிலும் துடுப்பு வலித்தவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்கள். கப்பல் தாழ்ந்தபோது அவர்களும் சேர்ந்து தாழ்ந்தார்கள். செபமாலை சொல்லச் சொல்லி மக்களைக் கேட்டிருந்த பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர், வெற்றி மாதாவால் வந்தது என்று சொல்லி அடுத்த ஆண்டே அந்த நாளைத் திருநாளாக்கினார். 1573இல் அடுத்த பாப்பரசர் அதைச் செபமாலை மாதா திருநாள் என்று மாற்றினார். பெயரிலிருந்து போர் போய்விட்டது. திகதி அப்படியே இருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒட்டோமன் கப்பல்கள் நினைவுக்கு வரவில்லை. எங்களுடைய ஒக்ரோபர்கள்தான் வந்தன.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் சொன்ன நாள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வீட்டுத் திறப்பையும் நகையையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. செபமாலை மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. கடைசி நாள் செபத்தில் வழமைபோல நோயாளிகளுக்காக, பயணம் போனவர்களுக்காக, சமாதானத்துக்காக என்று கருத்துகள் சொல்லியிருப்பார்கள். சோனகத்தெருக்காரருக்காக யாராவது ஒரு பத்து மணி சொன்னார்களா என்று பல ஆண்டுகளின் பின் அம்மாவைக் கேட்டேன். நினைவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பயம் பிள்ளை" என்றார்.

1995 ஒக்ரோபர் 30. சரியாக ஐந்து ஆண்டுகள். இம்முறை வெளியேறியவர்கள் நாங்கள். இராணுவம் வலிகாமத்துக்குள் வந்துகொண்டிருந்தது; போகச் சொன்னவர்கள் புலிகள். ஐந்து லட்சம் பேரளவில் ஒரே இரவில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தோம். அந்த ஆண்டு யூலை 9ஆம் திகதிதான் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின்மீது விமானப்படை குண்டு போட்டு, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். கோயிலுக்குள் போனால் காப்பு என்ற எண்ணம் அதோடு எங்களுக்குப் போயிருந்தது. அம்மாவின் கழுத்தில் செபமாலை இருந்தது. அதை ஆயுதம் என்றுதான் எங்கள் கோயில்களில் பிரசங்கம் வைப்பார்கள்.

எதற்கெதிரான ஆயுதம்? இந்தக் கேள்விக்கு எங்கள் சபையில் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: வெளியே நடக்கும் போர் பெரிதல்ல, உள்ளே நடக்கும் போர்தான் பெரிது, உன்னையே நீ வெல், அதுவே மெய்யான வெற்றி. தவக்காலத் தியானங்களில் பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தை எடுத்து, தலைச்சீரா, மார்புக்கவசம், கேடயம், வாள் என்று ஒவ்வொன்றாக விளக்குவார்கள். பவுல் அதைச் சிறையில் இருந்துகொண்டு எழுதினார் என்பதையும், உரோமைச் சிப்பாயின் கோலம் அவர் தினமும் கண்ட கோலமாக இருந்திருக்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கையில் விலங்கோடு இருப்பவர் காவற்காரனின் கவசத்தை நம்பிக்கை என்றும் நீதி என்றும் பெயர் மாற்றி எழுதியதில் ஒரு குறும்பு இருக்கிறது. தியானப் பிரசங்கத்தில் அது வருவதேயில்லை.

எங்கள் பங்கில் மரியாயின் சேனை இருந்தது. 1921இல் டப்ளினில் தொடங்கியது. உரோமைப் படையணியைப் பார்த்து அமைத்தது என்பதால் சிறு குழுவுக்கு பிரசீடியம் என்று பெயர். மேசையில் உரோமைப் படைக்கொடியின் வடிவில் ஒரு சின்னக் கம்பம் நிற்கும், கழுகு இருக்கவேண்டிய இடத்தில் புறா. ஊரின் சேனையில் பெரும்பாலும் மீன் விற்கிற, உடுப்புத் தைக்கிற, பிள்ளை பெற்றுக் களைத்த பெண்கள். கிழமைக்கு ஒருமுறை கூடி, யார் எந்த வீட்டு நோயாளியைப் பார்த்தார்கள், யார் எந்தக் கிழவிக்குத் தலை இழுத்துவிட்டார்கள் என்று அறிக்கை வாசிப்பார்கள். நான் கண்ட சேனைகளிலேயே ஒருவரையும் கொல்லாத சேனை அதுதான். அதே கூட்டத்தில், குடித்துவிட்டு அடிக்கிற புருசனைப் பற்றிச் சொல்லி அழுத ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஆலோசனையையும் நான் கேட்டிருக்கிறேன்: உன் கோபத்தை வென்றால் அவரையும் வெல்வாய். அவள் அடுத்த கிழமையும் வந்தாள். கன்னத்தில் வீக்கம் இருந்தது.

ஆணுக்குப் பிரசங்கிக்கிற உள் போர் வேறு மாதிரி. குடியை விடு, சூதை விடு, கை நீட்டாதே. அவனிடம் மிதமிஞ்சி இருக்கிற ஒன்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். பெண்ணிடம் ஏற்கெனவே குறைவாக இருப்பதை இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். வலேரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் இதை 1960இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். பாவம் என்றால் அகந்தை, புண்ணியம் என்றால் தன்னை மறுத்தல் என்ற இறையியல், ஆண்களின் அனுபவத்திலிருந்து ஆண்கள் எழுதியது. பெண்ணின் சோதனை பெரும்பாலும் மறுபக்கத்தில், தனக்கென்று ஒரு நடுவே இல்லாமல் மற்றவர்களுக்குள் கரைந்துபோவதில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். பெண்ணிய இறையியல் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே எழுதப்பட்டது. அதை வாசித்தபோது எனக்கு அந்த வீங்கிய கன்னம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் செய்விங் போருக்குள் இருந்து எழுதவில்லை. எங்கள் பெண்களில் பலர் கரைந்துபோக மறுத்து, கூந்தலைப் பின்னிக் கட்டி, துப்பாக்கி எடுத்தார்கள். 1987 ஒக்ரோபர் 10ஆம் திகதி கோப்பாயில் இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டையில் மாலதி இறந்தார். பெண் புலிகளில் முதலாவது மரணம் அது. அந்த நாளைத் தமிழீழப் பெண்கள் எழுச்சி நாள் என்று கொண்டாடினார்கள். மீண்டும் ஒக்ரோபர். அவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒரு வரியில் முடிப்பவர்களோடும், விடுதலையடைந்தவர்கள் என்று ஒரு வரியில் முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சைக்கிள் ஓட்டவே அனுமதி கேட்கவேண்டியிருந்த பெண் லொறி ஓட்டினாள் என்பது உண்மை. யாரைச் சுடுவது என்று தீர்மானித்த மேசையில் அவள் இருக்கவில்லை என்பதும் உண்மை. போர் முடிந்தபின் அவளுக்கு மாப்பிள்ளை தேடப் போன இடத்தில் "ஆமியிட்ட இருந்தவளோ" என்று கேட்டதும் எங்கள் சனம்தான்.

இரண்டு பக்கத்து வெற்றியையும் கேள்வி கேட்டவர் ராஜினி திராணகம. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவர். இந்திய இராணுவம் செய்ததையும் எழுதினார், இயக்கங்கள் செய்ததையும் எழுதினார். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 35. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பெண். எங்கள் கோயில்களில் வேதசாட்சிகளைப் பற்றிப் பேசும்போது உரோமைக்கும் யப்பானுக்கும் போவார்கள். திருநெல்வேலிச் சந்திக்குப் போக மாட்டார்கள்.

2009 மே மாதம் நான் கொழும்பின் வடக்கே ஒரு வீட்டில் அறை எடுத்து, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கார அன்ரி சிங்களக் கத்தோலிக்கர். அவருடைய மகன் இராணுவத்தில், முல்லைத்தீவுப் பக்கம். என் பெரியம்மாவின் குடும்பம் அந்தப் பக்கத்திலேயே, சுட்டுவிரல் அகலத்துக்குச் சுருங்கிவிட்ட ஒரு நிலத்தில். இரவில் அன்ரியும் நானும் சேர்ந்து செபமாலை சொல்வோம். முதற்பாதியை அவர் சிங்களத்தில் சொல்வார், மறுபாதியை நான் தமிழில் சொல்வேன். மணிகளின் எண்ணிக்கைக்கு மொழி தேவைப்படவில்லை. என் கருத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. இருவருக்கும் தெரியும். ஒரே மாதாவிடம் எதிரெதிரான இரண்டு வேண்டுதல் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். பிறகு யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு பொடியன் உயிரோடு வரவேண்டும், அவ்வளவே. ஆனால் அவன் கையிலிருந்து புறப்படுகிற ஷெல் இவன் பங்கருக்குள் விழுகிறது. மாதா இதை எப்படிக் கணக்கு முடிப்பார்?

மே 19ஆம் திகதி தெருவெல்லாம் வெடி. சிங்கக் கொடி கட்டிய ஓட்டோக்கள். சந்திகளில் பாற்சோறு பரிமாறினார்கள். அன்ரி ஒரு தட்டில் கிரிபத்தும் லுணுமிரிசும் வைத்து, மேலே சுத்தமான துணி மூடி, என் கதவைத் தட்டினார். அழுதுகொண்டிருந்தார். "துவ, மகன் போன் எடுத்தான்" என்றார். என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அப்போது பெரியம்மா வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாது. அந்தக் கைகளுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய சந்தோஷம் என்னை வென்ற சந்தோஷமில்லை என்று என் அறிவுக்குத் தெரிந்தது. என் உடம்புக்குத் தெரியவில்லை. தோள் இரண்டும் மரம் மாதிரி இறுகிப்போயிருந்தன. தட்டை வாங்கி மேசையில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். இரவு வரை அது அங்கேயே இருந்தது, துணிக்குக் கீழே எறும்பு வரிசையாகப் போய்வந்தது. அன்றிரவு அன்ரி செபமாலைக்குக் கூப்பிட்டபோது தலைவலி என்றேன்.

உள் போர் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தட்டுத்தான் தெரிகிறது. வெறுக்கவேண்டும் என்ற வேகமும், வெறுக்க முடியாத அளவுக்கு அறிமுகமான ஒரு முகமும். இதில் எதை எது வென்றிருந்தால் அது வெற்றி? நான் அந்தப் பாற்சோற்றைச் சாப்பிட்டிருந்தால் மன்னிப்பு என்று ஒரு குருவானவர் பிரசங்கத்தில் கதையாகச் சொல்லியிருப்பார். குப்பைக்குள் கொட்டியிருந்தால் வேறொருவர் அதை மானம் என்று மேடையில் சொல்லியிருப்பார். இரண்டையும் செய்யாமல் ஒரு பெண் அறைக்குள் இருந்து எறும்பைப் பார்த்ததற்கு இரண்டு பக்கத்திலும் பெயர் இல்லை.

அடுத்த மாதம் காலிமுகத்திடலில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. பிறகு வன்னியில் நினைவுச்சின்னங்கள் எழும்பின. கிளிநொச்சியில் ஷெல் துளைத்த பெரிய கற்கட்டி, மேலே தாமரை. புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியும் ஏந்தி எழும்பி நிற்கிற சிப்பாய். அதிலும் ஒரு புறா இருக்கிறது. எனக்கு மரியாயின் சேனையின் மேசை நினைவுக்கு வந்து வயிற்றைப் பிரட்டியது.

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். 1995இல் எல்லோரோடும் வன்னிக்குப் போனவர், 1996இல் நாங்கள் திரும்பியபோது திரும்பவில்லை; கிளிநொச்சியில் காணி எடுத்துத் தங்கிவிட்டார். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனபோது, 2008 கடைசியில், அவருடைய மகனைக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வயது. ஐந்து மாதம். மே 18ஆம் திகதி வட்டுவாகலில், ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மறைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். பெரியம்மா தன் கையால் அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். அன்று சரணடைந்தவர்களோடு கூடப் போன கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் இன்றுவரை திரும்பவில்லை.

அவனைக் கொண்டுபோனவர்கள் மேல் கோபம், வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவர்கள் மேல் கோபம், ஒப்படைத்த தன் கைமேல் கோபம். முகாமில் செபக்கூட்டம் நடத்த வந்த ஒருவர், மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள், அப்போது சாத்தான்மேல் உங்களுக்கு வெற்றி என்று சொன்னாராம். பெரியம்மா கேட்டது ஒரு கேள்விதான்: "ஆரை மன்னிக்கிறது பாதர்? ஆர் செய்ததெண்டு ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லையே." அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாராம்.

எல்லாக் குருமாரும் அப்படியில்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 சனவரியில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் போய் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவு சொன்னவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே? அவர் அதற்கு மேல் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. நான் கேட்ட பிரசங்கங்களில் சிறந்தது எது என்று கேட்டால் இந்தக் கழித்தலைச் சொல்வேன்.

ஒக்ரோபர் முடிந்ததும் நவம்பர், மரித்தோருக்கான மாதம். கோயில் வாசலில் கடித உறை கொடுப்பார்கள். இறந்தவர்களின் பெயரை எழுதிக் காணிக்கையோடு போட்டால் மாதம் முழுவதும் பூசையில் நினைப்பார்கள். பெரியம்மா ஒவ்வோர் ஆண்டும் தன் தாய் தகப்பன், புருசன், ஷெல்லில் போன மூத்த மகள் என்று எழுதுவார். மகன் பெயரை எழுதமாட்டார். "ஆத்துமாப் பூசைக்குக் குடுத்தா நானே அவனைக் கொண்ட மாதிரி" என்பார். அதே நேரம் அவனுடைய பிறந்தநாளுக்கு உயிரோடிருப்பவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுத்தால், அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருவேளை இல்லாமல் போயிருந்தால், வழியில் நிற்கிற ஆத்துமாவுக்கு ஒருவரும் செபிக்காமல் விட்ட பாவம் தனக்குத்தானே என்று. 2016இல் வந்த சட்டத்தால் ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம்; மரணச் சான்றிதழ் வேண்டியதில்லை. அரசாங்கத்துக்கே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது. கோயிலில் அப்படி ஓர் உறை இல்லை.

நான் அவருக்கு வேதாகமத்திலிருந்து இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னேன். முதலாவது சீசராவின் தாய். நீதித்தலைவர்கள் நூலில் தெபோரா பாடுகிற வெற்றிப்பாட்டு இருக்கிறதே, பெண் தலைவி என்று நாங்கள் பெருமையாக எடுத்துக்காட்டுகிற அதே தெபோரா, அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் எதிரிப் படைத்தளபதியின் தாய் பலகணியில் நிற்கிறாள். மகனுடைய தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள். கொள்ளைப் பொருளைப் பங்கு போடுகிறார்கள், ஆளுக்கு ஒரு பெண்ணோ இரண்டு பெண்ணோ கிடைத்திருக்கும், அதுதான் சுணக்கம் என்று தோழிகள் தேற்றுகிறார்கள். மகன் செத்துக் கிடப்பது பாடுபவளுக்கும் கேட்பவர்களுக்கும் தெரியும். நக்கல்தான் அந்தப் பாட்டின் சுவை. பெண் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற அந்த இடத்தில் நான் எப்போதும் புத்தகத்தை மூடிவிடுவேன். எங்கள் நாட்டில் அந்தப் பலகணி இரண்டு பக்கத்திலும் இருந்தது. 1998இல் வடக்குப் போரில் காணாமற்போன ஓர் இராணுவ அதிகாரியின் தாய் விசாகா தர்மதாச, தன்னைப் போன்ற தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு வன்னிக்கு வந்து புலிகளோடு பேசினார். பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "அந்த மனிசிக்குப் பெடியன் கிடைச்சவனோ?" என்றார். இல்லை என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டாவது ரிஸ்பா. சாமுவேல் இரண்டாம் நூலில், இருபத்தோராம் அதிகாரத்தில் சில வரிகள் மட்டும் வருகிறவள். சவுல் அரசனின் மறுமனையாட்டி. சவுல் செத்து, தாவீது அரசனாகி, நாட்டில் மூன்று ஆண்டு பஞ்சம். சவுல் கிபயோனியரைக் கொன்ற பழிதான் காரணம் என்று சொல்லி, அவர்கள் கேட்டபடி சவுலின் வழியில் வந்த ஏழு ஆண்களைத் தாவீது ஒப்படைக்கிறார். அதில் இரண்டு பேர் ரிஸ்பாவின் பிள்ளைகள். மலையில் கொன்று, புதைக்காமல் விட்டார்கள். ரிஸ்பா சாக்குத்துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்தாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கியதிலிருந்து உடல்கள்மேல் மழை விழும்வரை. பகலில் பறவையைக் கலைத்தாள், இரவில் மிருகத்தைக் கலைத்தாள். அந்த நாட்டில் வாற்கோதுமை வெட்டுவது சித்திரை வைகாசியில். மழை என்பது பருவமழை என்றால் ஐப்பசிக்கு முன் வராது. மேயிலிருந்து ஒக்ரோபர் வரை என்று நான் எனக்குள் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதவில்லை. யாரையும் மன்னித்தாள் என்றும் இல்லை, சபித்தாள் என்றும் இல்லை. சேதி தாவீதுக்குப் போகிறது. அவர் எழும்பிப் போய், சவுலின் எலும்பையும் யோனத்தானின் எலும்பையும் எடுத்து, இந்த ஏழு பேரின் எலும்பையும் சேர்த்து அடக்கம் செய்கிறார். அதற்குப் பிறகுதான் கடவுள் நாட்டுக்காகச் செய்த மன்றாட்டைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. பழி தீர்த்தபோது கேட்டார் என்று எழுதவில்லை. ஏழு பேரைக் கொன்றது தேசத்துக்காகச் செய்த காரியம். ஆனால் வானம் திறந்ததைச் சொல்ல வருகிறவர் அடக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்.

உயிர்ப்பு ஞாயிறன்று இதைத்தான் நான் யோசிப்பேன். சாவை வென்றார் என்று பாடுகிறோம். வென்றவர் பிலாத்துவின் வாசலுக்குப் போகவில்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் போய் நிற்கவில்லை. உடலுக்குப் பூச வாசனைத் திரவியத்தோடு வந்த பெண்கள் இருந்த பக்கம் வந்தார். பிறகு விட்டு ஓடின சிநேகிதர்களுக்குக் கடற்கரையில் மீன் சுட்டு வைத்தார். கையில் காயம் அப்படியே இருந்தது. கான்ஸ்தந்தைன் 312இல் சிலுவை அடையாளத்தோடு போருக்குப் போய் வென்றபோது இந்த மீன் எங்கே போனது என்று தெரியவில்லை.

ரிஸ்பாவின் கதையை நான் பெரியம்மாவுக்குச் சொன்னது 2018 ஒக்ரோபரில், கிளிநொச்சியில். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கு அவரும் முறைவைத்துப் போய்க்கொண்டிருந்தார். சைவக்காரரும் வேதக்காரரும் ஒரே பாயில். அவருடைய கையில் செபமாலை, பக்கத்து மனிசியின் நெற்றியில் விபூதி, நடுவில் இரண்டு பொடியன்களின் படம். தாவீது வந்து எலும்பை எடுத்த இடத்தைச் சொன்னபோது, "அவளுக்கு எலும்பாவது கிடைச்சுது" என்றார். ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்துப் போன கதை அந்த இடத்தில் உடைந்துபோய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ்வளவு மாதமும் அந்த மனிசிக்குச் சாப்பாடு ஆர் குடுத்தது?" என்று கேட்டார்.

எழுதியில்லை என்றேன்.

"ஆரும் குடுத்திருப்பினம். தண்ணியெண்டாலும் கொண்டுபோயிருப்பினம். இல்லாட்டி எப்படி அவள் இருக்கிறது?"

நான் எத்தனையோ பெண்ணிய வாசிப்புகளில் ரிஸ்பாவைச் சந்தித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எங்கும் பார்த்ததில்லை. மலையில் அவளுக்குத் துணைக்கு இருந்தது யார், அவள் கண்ணயர்ந்தபோது நாயைக் கலைத்தது யார், கீழே இருந்து தண்ணீர் சுமந்தது யார்?

"நாளைக்குக் கொட்டிலுக்குச் சாப்பாடு எங்கட முறை" என்றார் பெரியம்மா. "இருபது பேருக்கு. நீ நிக்கிறதெண்டால் விடிய எழும்பித் தேங்காய் துருவித் தா." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, அரிசி அளக்கப் போனார்.